கதவைச் சாத்தினவன்

மானாம்பதியில் வைக்கோல் லோடு கட்ட சடையப்பனை விட்டால் ஆள் கிடையாது. இதை ஊர் சொல்வதற்கு முன்னாலேயே சடையப்பன் சொல்லிவிடுவான். சும்மா சொல்லக்கூடாது, விஷயம் உண்மைதான். அவனுடைய சின்ன பிக்கப்பின் மேல், வண்டியைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்குக் கட்டு அடுக்கி, நைலான் கயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி, டயரில் காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டானென்றால், அது மாட்டுப் பண்ணைக்காரன் வாசலில் போய்த்தான் அவிழும். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவானே தவிர, லோடு அசையாது.

அப்படிப்பட்டவன் கட்டிய கயிறுதான் சித்திரை மாசத்தில், பட்டப்பகலில், ஏரிக்கரை மேட்டில் தளர்ந்துபோனது. அதுகூடப் பரவாயில்லை. கயிறு என்றிருந்தால் தளரத்தான் தளரும். அதற்கப்புறம் அவன் ஒரு காரியம் செய்தான் பாருங்கள், அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். சடையப்பனின் பெண்டாட்டி பிரபாவுக்கு, ஒரே பெண் இளமதியைக் கட்டிக்கொடுத்த கையோடு கர்ப்பப்பை இறங்கி ஆபரேஷன் ஆனது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒண்ணுக்கு நிற்பதில்லை. இருமினால் போய்விடும், தும்மினால் போய்விடும், குடத்தைத் தூக்கினால் போய்விடும். சமயத்தில் சும்மா நின்றிருந்தாலே கால் வழியாக இறங்கிவிடும். மறுபடி கத்தி வைத்துக்கொள்ள அவளுக்குத் துணிச்சல் இல்லை. துணி மடித்து வைத்துக்கொண்டு, கொல்லையில் அலசி அலசி, அப்படியே காலம் தள்ளினாள்.

ஒரு தடவை காஞ்சிபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்ஸில் சீட் நனைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் புடவையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "கருமம், கருமம், யாரும்மா நீ?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். சடையப்பன் இரண்டு சீட் தள்ளி நின்றிருந்தான். அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் பிரபா பஸ் ஏறவில்லை. கல்யாணம், காரியம், கோயில், எதுவும் கிடையாது. கத்திரி வெயிலில்கூடத் தண்ணீரை அரை டம்ளர் அரை டம்ளராகத்தான் குடிப்பாள். கேழ்வரகுக் கூழைக்கூட மோர் ஊற்றாமல் கெட்டியாகக் கரைத்து, மாங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டு விழுங்குவாள். சடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து சொம்பு சொம்பாகக் குடிப்பான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். இளமதி முழுகாமல் இருந்தபோது சீமந்தம் முடித்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். சடையப்பன் போன் போட்டு, "வூட்டுக்கு மேல்தளம் பிரிச்சிப் போட்டுக்கினு கீறோம் சம்பந்தி, புள்ளத்தாச்சிய எங்க வெச்சிக்கறது" என்று சொல்லிவிட்டான். எந்தத் தளத்தையும் யாரும் பிரிக்கவில்லை. பிரபா கொல்லையில் நின்று அதைக் கேட்டாள். பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கிற உடம்பா தன்னுடையது என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். பெண்ணாகரத்துப் பக்கம் ஓர் உள்கிராமத்தில், மாமியார் வீட்டிலேயே இளமதி பெற்றெடுத்தாள். குழந்தையைப் பார்க்கச் சடையப்பன் மட்டும் சீர்த்தட்டோடு போய் வந்தான். பெற்றவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று சம்பந்தி வீட்டில் பேச்சு கிளம்பியது. இளமதி போன் பண்ணும்போதெல்லாம் சடையப்பன்தான் எடுப்பான். அம்மா களை பறிக்கப் போயிருக்கிறாள், அம்மா தூங்குகிறாள், மாடு ஈனப்போகிறது. அவன் வாயில் பொய் அப்படிச் சரளமாக வரும்.

இப்போது பேரனுக்குக் காதுகுத்து. வைகாசியில் தேதி குறித்தாகிவிட்டது. இளமதி போனில் அழுதாள். "அம்மா வரலன்னா வுட்ருங்க நைனா. எனக்கு அம்மாவே இல்லன்னு நெனச்சிக்கறேன்."

பிரபா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

"கார் வெச்சிக்கினு போலாம்" என்றான் சடையப்பன்.

"யாரு காரு? அடுத்தவன் காரு சீட்ட நனைக்கவா? அங்க போயி எறங்கி, சம்பந்தி வூட்டுல எங்க போயி துணி மாத்துவேன்? எங்க அலசுவேன்? ராத்திரி யாரு பாயில படுப்பேன்?"

சடையப்பனுக்குச் செல்போனில் வீடியோ பார்க்கிற பழக்கம் உண்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரன், இதே மாதிரி பிக்கப் மேல் தகரத்தில் ஒரு பெட்டி வீட்டை ஏற்றி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். உள்ளேயே கட்டில், உள்ளேயே கக்கூஸ், உள்ளேயே குழாய். வேண்டாதபோது நாலு காலை ஊன்றிப் பெட்டியை நிறுத்திவிட்டு, வண்டியை மட்டும் உருவிக்கொண்டு போகிறான். சடையப்பன் அதைப் பிரபாவிடம் காட்டினான். அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இது மாதிரி பண்ண முடியுமா மாமா?"

"இன்னா பெரிய வித்த. மக்பூல் பாய்கிட்ட சொன்னா அட்ச்சிக் குடுத்துடுவாரு."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இதை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும், சடையப்பனுக்கு அவள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆசையெல்லாம் உண்டு. வெட்கம்தான் அதைவிட ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

மக்பூல் பாயின் வெல்டிங் பட்டறை உத்திரமேரூரில், பஸ் நிலையத்துக்குப் போகிற ரோட்டு மேலேயே இருக்கிறது. மானாம்பதிக்காரன் எவன் டவுனுக்கு வந்தாலும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். பாய் பேசினால் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். வேலை சுத்தம்.

"உள்ள இன்னா சாமான் வரும்?" என்று கேட்டார் பாய்.

"டிபன் கட போடலாம்னு பாய். அடுப்பு, இட்லி குண்டான், ஏனம்."

"தண்ணி?"

"ரெண்டு கொடம்."

"அவ்ளோதானே? சரி. பொட்டி ரெடியானா வண்டிய ரெண்டு நாள் இங்க வுட்டுட்டுப் போ. அடியில ரப்பர் ஷீட்டு போட்டு, சேசிஸ்ல தகடு வெச்சி போல்ட் அட்ச்சி, நாலு மூலையும் கொக்கி போட்டு முடுக்கிக் குடுக்கறேன்."

சடையப்பன் ரோட்டைப் பார்த்தான். பக்கத்து வீட்டுத் தாயாரம்மாளின் தம்பி சைக்கிளில் போனான். தன் வண்டி பெட்டியோடு இங்கே இரண்டு நாள் நின்றால், எத்தனை பேர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள்.

"கட்டறத என்கிட்ட வுடு பாய். நான் பாக்காத லோடா?"

"யோவ், வைக்கோலு வேற, இரும்பு வேற. வைக்கோலு அமுங்கும், கயிறு உள்ள பதிஞ்சி கவ்விக்கும். தகரப் பொட்டி அமுங்குமா? வண்டி ஆட ஆட கயிறு லூசாவும். லூசாச்சின்னா பொட்டி நவுரும்."

"உத்திரமேரூர் தாண்டி என் லோடு எங்கயாச்சும் நவுந்து பாத்துக்கீறியா?"

"உன் கட்டு சோக்கான கட்டுதான்யா, யாரு இல்லன்னது? பேஜாரு பண்ணாத. வண்டிய வுட்டுட்டுப் போ."

அவன் விடவில்லை. பெட்டி முடிந்ததும் ஆள் வைத்துத் தூக்கி ஏற்றி, கயிறு போட்டுக் கட்டினான். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, உன் இஷ்டம். வண்டி ஓடச்சொல்ல உள்ள ஆள மட்டும் ஏத்தாத. வெயிட்டு எதுவானாலும் முன்னாடி தள்ளி வை, பின் சக்கரத்துக்குப் பின்னால வெக்காத. அத்தயாவது கேளு."

வெறும் பெட்டி எடையே இல்லாமல் ஆடாமல் அசையாமல் ஊர் வந்து சேர்ந்தது. சடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் வண்டியை மறித்துக்கொண்டார்கள்.

"இன்னாபா சடையப்பா, கட எப்ப தொறக்கற? மொத இட்லி ஓசிதான?"

"உனக்கு இல்லாததா" என்று சிரித்துவிட்டு வந்தான்.

வைக்கோல் போருக்குப் பின்னால் பெட்டியை மறைத்து நிறுத்தி, மிச்ச வேலையை அவனே செய்தான். முன்பக்கம் பிரபாவுக்குக் கட்டில். பின்பக்கம், கதவை ஒட்டி, கக்கூஸ் கோப்பை. அதற்கடியில் மூடி போட்ட டிரம். கையெட்டுகிற தூரத்தில் தண்ணீர் வேண்டுமே என்று கோப்பைக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்குப் பாதி வரும் நீல டிரம் ஒன்றை வைத்து, குழாய் மாட்டி, விளிம்பு வரை நிரப்பினான். பாய் வெயிட்டைப் பற்றிச் சொன்னது அவன் காதில் விழாமல் இல்லை. ஆனால் பாய் சொன்னது டிபன் கடைக்குத்தானே, இதற்கில்லையே என்று ஒரு கணக்கு. தன் வாயால் சொன்ன பொய்யைத் தானே நம்புகிற மனுஷனை என்ன செய்வது?

உள்ளே வெயில் சட்டியில் வறுப்பது போல வறுத்தது. பிரபா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள், கோப்பையில் உட்கார்ந்து பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள். எழுந்து வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் மடமடவென்று குடித்தாள். கல்யாணமான புதிதில் அவள் அப்படிக் குடித்துச் சடையப்பன் பார்த்ததுண்டு.

"ஒரு தபா ஏரிக்கர வரைக்கும் ஓட்டிப் பாத்துடலாம்" என்றான்.

"நான் முன்னாடி ஒக்காந்துக்கறேன்."

"முன்னாடி ஒக்காந்தா எவனாச்சும் கேப்பான், இன்னா சடையப்பா பொண்டாட்டியோட எங்க கெளம்பிட்டன்னு. நீ உள்ளயே படுத்துக்க. யாரும் பாக்க மாட்டாங்க."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அப்புறம் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

ஊருக்குள் ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தில் இறங்கினால் ஒரு டொக், ஏறினால் ஒரு டொக். ஒவ்வொரு டொக்குக்கும் கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஏரிக்கரைக்கு ஏறுகிற மேட்டில் முதல் கியர் போட்டு மிதித்தான். முன்சக்கரம் தரையில் பாவாத மாதிரி, ஸ்டியரிங் கைக்கு அடங்காத மாதிரி இருந்தது. அதற்குள் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பெட்டி அவனைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

பெட்டி பின்பக்கமாகச் சரிந்து, வால்பக்கம் ரோட்டில் குத்தி, முன்பக்கம் வண்டி மேல் தூக்கிக்கொண்டு நின்றது. கதவு திறந்துகொண்டது. நீல டிரம் கவிழ்ந்து தண்ணீரெல்லாம் மேட்டில் ஓடியது.

சடையப்பன் இறங்கி ஓடினான். பிரபா கட்டிலிலிருந்து உருண்டு வந்து கோப்பைக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தாள். நைட்டி முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. உள்ளே கொடியில் போட்டிருந்த மடிப்புத் துணிகள் எல்லாம் அவள்மேல் விழுந்திருந்தன. கரைக்குக் கீழே சொர்ணவாரி நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு, "ஐயோ, ஐயோ" என்று கரையேறி ஓடிவந்தார்கள். முன்னால் தாயாரம்மாள்.

அவர்கள் வருவதைச் சடையப்பன் பார்த்தான். கதவைச் சாத்தினான்.

சாத்தி, முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றான்.

"ஒண்ணியும் இல்ல, ஒண்ணியும் இல்ல. போங்க, போயி வேலயப் பாருங்க."

உள்ளேயிருந்து பிரபாவின் குரல் வந்தது. "மாமா, கையி... கை மேலயே வியுந்துட்டேன். தொற மாமா."

"இரு. கம்னு இரு. அவங்கள்லாம் போவட்டும்."

"வலி தாங்கல மாமா. தொறயேன்."

"இருன்னு சொல்றேன்ல!"

உள்ளேயிருந்து ஒற்றைக் கையால் தட்டுகிற சத்தம் அவன் முதுகில் அதிர்ந்தது. தாயாரம்மாளுக்குச் சேறு முழங்கால் வரை. புடவைக்கு மேல் அவள் புருஷனின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். அவள் சடையப்பனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"யாருபா உள்ள? பிரபாவா?"

"டிபன் சாமான்" என்றான் சடையப்பன். சத்தியமாக அப்படித்தான் சொன்னான். அவன் முதுகுக்குப் பின்னால் டிபன் சாமான் அழுதுகொண்டிருந்தது.

"அடப்பாவி! ஆளு கத்துது, நீ கதவப் புட்ச்சிக்கினு நிக்கிற? நவுர்றா!"

தாயாரம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ரோட்டோரம் போய் விழுந்தான். பெண்கள் கதவைத் திறந்தார்கள். தாயாரம்மாள் தன் மேல்சட்டையைக் கழற்றிப் பிரபாவுக்கு இடுப்போடு சுற்றினாள். மற்றவர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவை நிறுத்தி, அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவர்கள்தான். சடையப்பன் கவிழ்ந்த டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிரபா வலது கையில் மாவுக்கட்டோடு வீடு வந்தாள். மறுநாள் காலையில் அவனே நாஷ்டா வாங்கி வந்து, இட்லியைப் பிட்டு ஊட்டப் போனான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"கயித்து மேல தப்பு பிரபா. பாய் சொல்லச் சொல்ல..."

"கயித்துக்கு நான் இன்னா சொன்னேன்? கதவ ஏன் மாமா சாத்தின?"

"எல்லாரும் பாத்துடுவாங்கன்னு..."

"இன்னாத்த?"

அவன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தான்.

"என்னயத்தான? நான் இப்பிடி கீறேன்னு பாத்துடுவாங்க. அதான?"

"உனக்குத்தான் அசிங்கமாப் பூடும்னு..."

"எனக்கு அசிங்கந்தான். நான் இல்லன்னலயே. ஆனா கை ஒடஞ்சி கெடக்கறவளுக்கு அசிங்கமா தெரியும்? எவ கையாவது வந்து தூக்காதான்னுதான் இருந்துச்சி. அது உன் அசிங்கம் மாமா. அத எம்மேல போத்தி மூடிட்ட." அவள் இடது கையால் மூக்கைச் சிந்தினாள். "அன்னிக்கி பஸ்ல ஜன்னல பாத்துக்கினு நின்ன. நான் ஒண்ணும் கேக்கல. தளம் பிரிச்சிக் கெடக்குதுன்ன. கேக்கல. இன்னிக்கி கேக்கறேன்."

பூமி பிளக்காதா என்று இருந்தது சடையப்பனுக்கு. பஸ்ஸில் தான் எந்தப் பக்கம் பார்த்தோம் என்பதை அவள் கவனிக்கவில்லை என்றே இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத் தாயாரம்மாள் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். கூட இரண்டு பெண்கள். சடையப்பன் கொல்லைப்பக்கம் நழுவினான். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாலும் பேச்சு காதில் விழாமல் இருக்குமா?

"இம்மா நாளா ஒரு வார்த்த சொல்லலியே நீ" என்றாள் தாயாரம்மாள்.

"எப்பிடி சொல்றது அக்கா..."

"சொல்லலன்னா தெரியாதா? உங்கொல்லக் கொடியில தெனம் காயற துணிய நாங்க பாக்கலியா? உம்புருசன் வேற, டிபன் கட வெக்கறேன், டிபன் கட வெக்கறேன்னு ஊரெல்லாம் டமாரம் அடிக்கறான். எனக்குந்தான் நாத்துக் கட்டு தூக்கினா ஒயுவுது. சேத்துல நிக்கறதால எவனுக்கும் தெரியல."

கூட வந்தவள் ஒருத்தி, "தும்மல் வந்தா நான் ஒக்காந்துக்குவேன்" என்றாள். பிரபா சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தத்தைச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. தான் ஊருக்குத் தெரியாமல் மூடி வைத்தது என்னதான்?

அவர்கள் போனதும் பிரபா கூப்பிட்டாள்.

"காதுகுத்துக்கு நான் போவணும் மாமா."

"பொட்டிதான் போச்சே."

"பொட்டி எங்க போச்சி? ஒரு மூல நசுங்கிக் கீது. பாய்கிட்ட இட்னு போ. நானும் வர்றேன். பாய்கிட்ட உள்ளத சொல்லு. பகல்ல, ரோட்டு மேல வெச்சி மாட்டு. அப்பதான் அதுல ஏறுவேன்."

"நான் எப்பிடி அத..."

"எப்பிடியோ சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

பெட்டியை இறக்கி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பினான். பின்னால் பிக்கப்பில் அவனும் பிரபாவும். அவள் முன்சீட்டில், துணியை இரண்டு மடங்காக மடித்து வைத்துக்கொண்டு, உத்திரமேரூர் வரை நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள்.

மக்பூல் பாய் நசுங்கிய மூலையைத் தடவிப் பார்த்தார். உள்ளே தலையை விட்டார். வெளியே எடுத்தார்.

"சடையப்பா, டிபன் கடையில கக்கூஸு எதுக்குயா?"

பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். எதிர் டீக்கடையில் பத்துப் பேர். அதில் மானாம்பதி முகமும் உண்டு. சடையப்பன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். பிரபா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிபன் கட இல்ல பாய்." கீழே கிடந்த கம்பித் துண்டைக் காலால் தள்ளினான். "வூட்டுல... எம்பொண்டாட்டிக்கு... ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குது பாய். ஆபரேஷன் ஆனதுலேந்து. பொண்ணு ஊருக்குப் போவணும். அதுக்குத்தான்."

சொல்லி முடித்தபோது அவனுக்குக் காது இரண்டும் எரிந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தான். பாய் சிரிக்கவில்லை, கத்தினார்.

"அறிவு கீதாயா உனக்கு? தண்ணி டிரம்ம எங்க வெச்ச?"

"பின்னால. கோப்பைக்குப் பக்கத்துல."

"பின்னால! கோப்ப வெயிட்டு, தண்ணி வெயிட்டு எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால! மேட்டுல முன்சக்கரம் தூக்காம இன்னா பண்ணும்? நீ இட்லின்னு சொன்ன. நான் இட்லிக்குக் கணக்குப் போட்டேன். தங்கச்சிக்குன்னு சொல்லியிருந்தா இந்தப் பொட்டியவே வேற மாதிரி அட்ச்சிருப்பேன்ல?" பிரபாவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தார். "எறங்கி வாம்மா. உள்ள பாத்ரூம் கீது, ஃபேன் கீது. எம்பொண்டாட்டி சபுரா டீ போடுவா. இது முடிய நேரமாவும்."

வேலை ரோட்டு மேலேயே நடந்தது. பின்பக்கச் சுவரை அறுத்துக் கோப்பையை நடுவுக்குக் கொண்டுவந்தார் பாய். நீல டிரம்மை ஓரமாக எறிந்துவிட்டு, அகலமான குட்டைத் தொட்டி ஒன்றைப் பெட்டியின் முன்பக்கத்தில், தரையோடு தரையாகப் படுக்க வைத்து, தண்ணீர் அலம்பாமலிருக்க நடுவில் தடுப்பு வைத்தார். பிக்கப்பின் தரையில் கெட்டி ரப்பர் ஷீட்டு விரித்தார். ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினார். பெட்டி முன்னால் இடிக்காமலிருக்க, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கிற சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் மரக்கட்டை அடித்தார். வண்டியின் பக்கத் தகரம் தாங்காது என்று அதில் கை வைக்கவே இல்லை. அடியில் படுத்து, சேசிஸில் நாலு இடத்தில் தகடு வைத்து போல்ட் அடித்து, ஒவ்வொரு மூலைக்கும் திருகித் திருகி இறுக்குகிற கொக்கி மாட்டினார்.

"கயிறு நீ கையால இறுக்கறது, ஆட ஆட லூசாவும். இது அதுவா லூசாவாது. ஆனாலும் டீ குடிக்க நிறுத்தற எடத்துல எல்லாம் கை வெச்சிப் பாத்துக்க. அப்புறம் ரைஸ்மில் எடமேடையில ஏத்தி, முன்சக்கரம் தனியா, பின்சக்கரம் தனியா எட பாத்துட்டுத்தான் கெளம்பணும். தங்கச்சி முன்சீட்டுலதான் வரணும். வேணும்னா நிறுத்து, பின்னால ஏறட்டும், முடிஞ்சதும் முன்னால வரட்டும். வண்டி ஓடச்சொல்ல உள்ள ஈ காக்கா இருக்கக்கூடாது. புரியுதா?"

"புரியுது பாய்."

வந்தவன் போனவனெல்லாம் நின்று பார்த்தான். ஒருத்தன், "இன்னாபா இது?" என்று கேட்டான். சடையப்பன் சொன்னான். முதல் தடவை நாக்கு குழறியது. இரண்டாவது ஆளுக்குச் சொல்லும்போதும் குழறத்தான் செய்தது. வெட்கம் ஒரேயடியாகப் போய்விடுமா என்ன? ஆனாலும் சொன்னான்.

மூன்று மூலைகளைப் பாயே முடித்துவிட்டு, கடைசி மூலையை அவனிடம் விட்டார். சடையப்பன் சக்கரத்தோரம் குந்தி ஸ்பேனரைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தபோது, வெளியே வந்து வண்டியோரம் நின்றிருந்த பிரபாவின் போன் அடித்தது. இளமதி. எப்போதும் போல அவன் கை தானாக நீண்டது. பிரபா போனை எடுத்து, இடது கையால் பட்டனை அழுத்தி, வண்டியின் பானெட் மேல் வைத்தாள். குரல் வெளியே கேட்டது.

"ம்மா? நைனா இல்லியா?"

"இங்கதான் கீறாரு. நீ எங்கிட்ட பேசு."

"வர்றியா இல்லியான்னு ஒரே வார்த்தயில சொல்லிடும்மா. இங்க மாமியா கேக்கறாங்க. மாடு ஈனுது, வூடு ரிப்பேருன்னு எத்தினி தபாதான் நானும் சொல்லுவேன்?"

"மாடு ஈனல. வூடு ரிப்பேரும் இல்ல. எல்லாம் பொய்யி பாப்பா. உன் கல்யாணத்துக்கப்புறம் ஆபரேஷன் ஆச்சில்ல, அதுலேந்து எனக்கு ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குது. எப்பவும் ஈரந்தான். அதான் உன்ன தலப்பிரசவத்துக்குக் கூப்புடல. அதான் புள்ளயப் பாக்க வரல. உன்ன வேணாம்னு இல்ல பாப்பா."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டுவது கேட்டது. அப்புறம் இளமதியின் குரல் மெல்ல வந்தது.

"ம்மா... பக்கத்துல யாராச்சும் கீறாங்களா?"

பிரபா சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். பாய் கையைக் காட்டி கிரைண்டரை நிறுத்தச் சொன்னார். பட்டறை அமைதியானது. பிரபா பேசியது மட்டும் சக்கரத்தோரம் குந்தியிருந்த சடையப்பனுக்குக் கேட்டது.

"சொல்லு பாப்பா... உனக்குமா? எப்பலேந்து? புள்ள பொறந்ததுலேந்தா? எனக்கு ஒயுவற மாதிரியேவா?... யார்கிட்டயும் சொல்லலியா? உம்புருசங்கிட்டகூடவா?... அழுவாத. ஐயோ, அழுவாதடி. எங்கிட்ட சொல்லியிருக்கலாமே... ஆமா. ஆமா, நான்தான் போனே எடுக்கலியே."

ஒரு வருஷமாக அந்தப் பெண் இதே ஈரத்தோடு, ஒருத்தரிடமும் சொல்லாமல், அந்நிய வீட்டுக் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்திருக்கிறாள். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்தால் முதல் வாரமே அம்மாவிடம் சொல்லியிருப்பாள். போனில் அம்மா கிடைத்திருந்தாலாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் போனை எடுத்தவன் யார்? களை பறிக்கிறாள், தூங்குகிறாள் என்றவன் யார்? சடையப்பன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் பிரபாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"நான் வர்றேன் பாப்பா" என்று பிரபா சொல்லிக்கொண்டிருந்தாள். "காதுகுத்து முடிஞ்சதும் உன்னயும் புள்ளயயும் கூட்டினு வந்துடறேன். ரெண்டு பேருமா ஒரு நல்ல டாக்டரம்மாவப் பாக்கலாம். நீ அழுவாத. உங்க நைனா இட்னு போவாரு."

சடையப்பன் ஸ்பேனரை இன்னொரு சுற்று திருகினான். இன்னொரு சுற்று. கண் மறைத்தது, நட்டு தெரியவில்லை, கைதான் திருகிக்கொண்டே இருந்தது. மக்பூல் பாய் பக்கத்தில் வந்து குந்தி, அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும் சடையப்பா, வுடு. மரை போயிடும்."